வாக்குக்கு முன் எழுத்து: செப்டிமா கிளார்க்கின் குடியுரிமைப் பள்ளிகளில் விசுவாசம், கல்வி, துணிவு

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மாநில அரசிடமோ நகராட்சியிடமோ சம்பளம் பெறும் எவரும், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக வழக்காடிவந்த என்ஏஏசிபி அமைப்பில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். சார்ல்ஸ்டன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்த செப்டிமா பாயின்செட் கிளார்க் தம் உறுப்பினர் பதவியை விடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 58. ஆசிரியப் பணியில் சேர்ந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று.

அவர் 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். இந்தச் சட்டம் அநீதியானது, எல்லோரும் சேர்ந்து எதிர்ப்போம் என்று கேட்டார். பதில் வந்தது 26 பேரிடமிருந்து. கல்வி அதிகாரியைச் சந்திக்க வருவதாகச் சொன்னவர்கள் 11 பேர். குறித்த நாளில் வந்து நின்றவர்கள் ஐவர். ‘ரெடி ஃப்ரம் விதின்’ (1986) என்ற தன்வரலாற்றில் கிளார்க் இதைத் தம் வாழ்வின் தோல்விகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். சக ஆசிரியர்களை அவர் கோழைகள் என்று திட்டவில்லை. ஆயத்தமாகாத மனிதர்களைத் தாம் முன்னே தள்ளப் பார்த்ததே பிழை என்கிறார்.

இனச் சமத்துவப் போராட்டத்தைப் பற்றிய நம் பொதுப் புரிதலை இந்த எண்கள் தொந்தரவு செய்கின்றன. அந்த 726 பேரும் படித்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஞாயிறுதோறும் ஆலயம் செல்பவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். விசுவாசமும் கல்வியும் துணிவைத் தருமென்றால் அவர்களே முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஒரு தீவில், தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதிருந்த விவசாயக் கூலிகள் வாக்காளர் பதிவு அலுவலகத்தின் படியேறினார்கள். இந்த முரணை எப்படி விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிலவும் விளக்கங்கள்

முதல் விளக்கம் திருச்சபையை மையத்தில் வைப்பது. ஆல்டன் மாரிஸ் 1984இல் வெளியிட்ட நூல் இதற்கு வலுவான வடிவம் தந்தது. கறுப்பினச் சபைதான் இயக்கத்தின் அமைப்புத் தளம். கூடும் இடம், நிதி, பாட்டு, தலைமை எல்லாம் அங்கிருந்தே வந்தன என்பது அவர் வாதம். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பையும் பர்மிங்காம் போராட்டத்தையும் நினைத்தால் இதை மறுக்க முடியாது.

இரண்டாவது விளக்கம் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. 1964இல் கறுப்பின மக்களிடையே நடத்தப்பட்ட விரிவான நேர்காணல் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு கேரி மார்க்ஸ் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். பொதுவாகப் பார்த்தால், மதப்பற்று கூடக் கூடப் போராட்ட மனநிலை குறைந்தது என்று அவர் கண்டார். மறுமையை எதிர்பார்த்திருக்கும் பக்தி ஒன்று, இம்மையில் நீதி கேட்கும் பக்தி வேறொன்று என்று அவரே பிரித்துக் காட்டியதைப் பலர் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, சார்ல்ஸ் பெயின் 1995இல் மிசிசிப்பியைப் பற்றி எழுதிய நூல். மேடையிலிருந்து கண்ணைத் திருப்பி, கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்தவர்களை அவர் பார்த்தார். கிராமப்புறங்களில் போதகர்கள் பல இடங்களில் கடைசியாகத்தான் வந்தார்கள் என்றும், சாதாரண உறுப்பினர்கள், குறிப்பாகப் பெண்கள், போதகரை முந்திக்கொண்டு சபையையே இயக்கத்துக்குள் இழுத்துவந்தார்கள் என்றும் அவர் காட்டுகிறார். சபையும் விசுவாசமும் ஒன்றல்ல என்ற தெளிவு இந்நூலால் கிடைத்தது. என் பார்வைக்கு இதுவே மூன்றிலும் பயனுள்ளது. ஆனாலும் பாடம் கற்பிக்கும் அறைக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி இதில் ஓரமாகவே நிற்கிறது. கேதரின் மெல்லன் ஷாரன் எழுதிய கிளார்க் வாழ்க்கை வரலாறு (2009) வந்த பிறகுதான் அந்த அறை வெளிச்சத்துக்கு வந்தது.

எழுத்துக்குப் போட்ட பூட்டு

தென் கரோலினாவில் எழுத்தறிவு தொடக்கத்திலிருந்தே காவல்துறை விவகாரம். 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே வந்த சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்பவருக்கு 100 பவுண்டு அபராதம் விதித்தது. அந்தச் சட்டம் தடுத்தது எழுதுவதை மட்டும்தான், வாசிப்பதை அல்ல. வேதாகமம் வாசிப்பது மதப்பணி என்று மிஷனரிகள் வாதாடிவந்தார்கள்; வாசிக்கத் தெரிந்த அடிமை கீழ்ப்படிதலைப் படிப்பான் என்று எசமானர்களும் நம்பினார்கள். எழுதத் தெரிந்தவனோ வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். 1822இல் சார்ல்ஸ்டனில் டென்மார்க் வீசி என்பவரின் கிளர்ச்சித் திட்டம் வெளிப்பட்டது. அவர் வேதாகமத்தைத் தம் போக்கில் படித்தவர். அங்கிருந்த கறுப்பினச் சபையின் உறுப்பினர். அதிகாரிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள், அந்த ஆலயக் கட்டடமும் இடிக்கப்பட்டது. 1834இல் வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாயிற்று. வாசிப்பு கீழ்ப்படிதலைத் தரும் என்ற நம்பிக்கை அதற்குள் ஆட்டம் கண்டிருந்தது.

அடிமைமுறை ஒழிந்தபின் பூட்டு வேறு இடத்துக்கு மாறியது. 1895ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்புச் சட்டம், வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அச்சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவை வாசிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும் என்றது. எந்தப் பிரிவைக் கேட்பது, எப்படி வாசித்தால் சரி என்பதெல்லாம் பதிவு அலுவலரின் விருப்பம். முதலில் பள்ளியைக் கொடுக்காமல் இருப்பது, பிறகு படிக்காததையே காரணம் காட்டி வாக்கை மறுப்பது. இரண்டும் ஒரே அரசின் கைவேலை.

கிளார்க் இதன் முதல் பாதியைச் சிறு வயதிலேயே பார்த்தவர். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். கிளார்க் படித்தது ஏவரி நார்மல் கல்விக்கூடத்தில். அமெரிக்க மிஷனரிச் சங்கம் 1865இல் தொடங்கியது அது. 1916இல் அங்கு தேறியவருக்குச் சார்ல்ஸ்டன் நகரின் பொதுப்பள்ளிகளில் இடமில்லை. கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளியிலும் வெள்ளையர்தாம் ஆசிரியர். எனவே 18 வயதில், மேலே சொன்ன தீவான ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே இரண்டு ஆசிரியர்களுக்கு 132 பிள்ளைகள். கிளார்க்குக்கு மாதம் 35 டாலர். சாலைக்கு எதிர்ப்புறம் வெள்ளையர் பள்ளி. மூன்று பிள்ளைகள், ஓர் ஆசிரியர், 85 டாலர். 1919இல் சார்ல்ஸ்டன் திரும்பியவர், நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரும் மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். அடுத்த ஆண்டு அந்தக் கோரிக்கை வென்றது. 1940களில் சம ஊதியத்துக்கான வழக்கிலும் அவர் பங்கு உண்டு. வழக்கில் தோற்ற மாநில அரசு, ஊதியத்தை ஓர் ஆசிரியர் தேர்வோடு இணைத்துப் பழைய ஏற்றத்தாழ்வை வேறு பெயரில் தக்கவைத்துக்கொண்டது. தேர்வு என்ற சொல் அந்த மாநிலத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு வாக்காளர் பதிவு மட்டும் சான்றல்ல.

கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பு

ஜான்ஸ் தீவின் ஈசா ஜென்கின்ஸ் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். காய்கறி பயிரிட்டார், சார்ல்ஸ்டனில் கிரேக்க வியாபாரிகளிடம் விற்பதற்காகக் கொஞ்சம் கிரேக்க மொழிகூடக் கற்றுக்கொண்டார். தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்ல ஒரு பேருந்து ஓட்டினார். பயணத்தின்போது மாநில அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆலிஸ் வைன் என்ற பெண்மணி அதை முழுக்க மனப்பாடம் செய்து, எழுத்துக்கூட்டத் தெரியாமலே ஒப்பித்துப் பதிவும் செய்துகொண்டார். பிறகு ஜென்கின்ஸிடம் வந்து, தனக்கு உண்மையாகவே வாசிக்கக் கற்றுத்தரும்படி கேட்டார். வாக்குரிமை கிடைத்தபின்னும் அவருக்கு எழுத்து வேண்டியிருந்தது. எழுத்தறிவு இம்மக்களுக்கு வாக்குச்சீட்டுக்கான கருவி மட்டுமே என்று சொல்பவர்கள் இந்தச் சம்பவத்தின் முன் சற்று நிற்க வேண்டும்.

டென்னசி மாநில மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்டும் 1932இல் தொடங்கிய ஹைலாண்டர் பள்ளி, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகத் தங்கி உண்டு கற்ற அரிதான இடம். 1954இல் அங்கு சென்ற கிளார்க் ஜென்கின்ஸையும் அழைத்துப்போனார். 1955 கோடையில் கிளார்க் நடத்திய பயிலரங்கில் அதிகம் பேசாத ஒரு பெண் கலந்துகொண்டார். பெயர் ரோசா பார்க்ஸ். மான்ட்கோமரிப் புறக்கணிப்புக்கு வழிவகுத்து, அவர் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தது அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள்.

பெரியவர்களுக்கு இரவு வகுப்பு வேண்டும் என்று ஜென்கின்ஸ் கேட்டார். ஹைலாண்டர் பணம் தரத் தயார். இடம்தான் இல்லை. உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் மறுத்தார். மெதடிஸ்ட் சமூக மையமும் மறுத்தது. தீவில் கல்விக்கும் விசுவாசத்துக்கும் உரிய இரு கட்டடங்களும் மூடியே இருந்தன. கடைசியில் ஜென்கின்ஸின் முற்போக்குக் கழகம் ஹைலாண்டரிடம் 1,500 டாலர் கடன் பெற்று ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் மளிகைக்கடை. பின்னறையில் வகுப்பு. வழியே போகும் வெள்ளையருக்கு அது வெறும் கடை.

1957 ஜனவரி 7ஆம் நாள், பின்னர் குடியுரிமைப் பள்ளிகள் என்று பெயர்பெற்ற திட்டத்தின் முதல் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர், கிளார்க்கின் உறவினர் பெர்னிஸ் ராபின்சன். சார்ல்ஸ்டனில் முடி அலங்கார நிலையம் நடத்தியவர். ஆசிரியப் பயிற்சி இல்லை என்பதாலேயே கிளார்க்கும் ஹார்ட்டனும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் பெரியவர்களைக் குழந்தைகளாக நடத்துவார் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு: ராபின்சனின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையைவிட்டு நீக்க முடியாது.

ராபின்சன் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவை உதவாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. நான் உங்கள் ஆசிரியர் அல்ல, ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்வோம் என்ற பொருளில் பேசி, என்ன படிக்க வேண்டும் என்று வந்திருந்த 14 பேரையே கேட்டார். பெயர் எழுத வேண்டும். வேதாகமம் வாசிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைப் பிறரிடம் கொடுக்காமல் தாமே படிக்க வேண்டும். அஞ்சல்வழி வாங்கும் சாமான்களுக்கான படிவத்தையும் பணவிடையையும் நிரப்ப வேண்டும். அதுவே பாடத்திட்டம் ஆனது. அட்டையில் பெரிதாக எழுதிய பெயரின் மேல் விரலையும் பென்சிலையும் மீண்டும் மீண்டும் ஓட்டிக் கையெழுத்துப் பழகினார்கள். சுவரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் ஒட்டியிருந்தது. வகுப்பு முடியும்போது அதை வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. விவசாய வேலை குறைந்த மாதங்களில், வாரம் இரண்டு இரவுகள், இரண்டு மணி நேரம். முதல் பருவம் முடியுமுன் வருகை 37 ஆகியிருந்தது.

இங்கே துணிவு எங்கிருந்து வந்தது? வகுப்புக்கு வரும்போதே அவர்கள் துணிந்தவர்களாக வந்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கையெழுத்துக்குப் பதிலாகக் குறுக்குக்கோடு போட்ட இடத்தில் சொந்தப் பெயரை எழுதுவது, அஞ்சலகச் சாளரத்தின் முன் பிறர் உதவியின்றி நிற்பது, பிறகு பதிவு அலுவலரின் முன் நிற்பது என ஒவ்வொரு படியும் அடுத்ததற்குப் பழக்கியது. பின்னறையில் நண்பர்கள் முன் தடுமாறித் தடுமாறி வாசித்துப் பழகிய பத்தியைத்தான் அலுவலகத்தில் பகைவர் முன் வாசித்தார்கள். கிளார்க்கின் பள்ளிகள் துணிவை ஒரு குணமாகக் கருதவில்லை; பயிற்சியால் வரும் திறனாகக் கருதின. 726 கடிதங்களின் தோல்வியில் அவர் கற்றது இது.

சம்பளப் பட்டியலும் நிலப் பட்டாவும்

ஆசிரியர்கள் அஞ்சினார்கள், கூலிகள் அஞ்சவில்லை என்று இதை எளிமைப்படுத்திவிட முடியாது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கிளார்க்கைப் பாராட்டிக் கறுப்பினப் பட்டதாரிப் பெண்களின் சங்கம் ஒன்று விழா எடுத்தது; ஆனால் அவர் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள உறுப்பினர்கள் மறுத்தார்கள். படம் அதிகாரிகள் கையில் கிடைத்தால் வேலை போய்விடும். பள்ளிகளில் இனப்பிரிவினை நீக்கப்பட்ட அடுத்த இருபது ஆண்டுகளில் தென்மாநிலங்களில் கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்ததைப் பார்த்தால் அவர்கள் கணக்கு தவறில்லை என்று தெரியும். வனெசா சிடில் வாக்கர் போன்ற ஆய்வாளர்கள் வேறொன்றையும் சொல்கிறார்கள்: கறுப்பின ஆசிரியர் சங்கங்கள் வெளியே தெரியாமல் வழக்குகளுக்கு நிதியும் தகவலும் தந்துவந்தன. பதில் எழுதாத 700 பேரில் அப்படிப்பட்டவர்களும் இருந்திருக்கலாம். மௌனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது வரலாற்றாசிரியனுக்கு அழகல்ல.

அதே 1956இல் அதே மாநிலத்தின் எல்லோரி என்ற சிற்றூரில் நடந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. அங்கே ஒரே பள்ளியைச் சேர்ந்த 21 கறுப்பின ஆசிரியர்கள் என்ஏஏசிபியைக் கைவிடுவதாக எழுதித்தர மறுத்து, ஒட்டுமொத்தமாக வேலையை இழந்தார்கள். அவர்களும் அரசுச் சம்பளக்காரர்களே. சார்ல்ஸ்டனில் கடிதம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தனித்தனியே போனது. முடிவைத் தனியே எடுக்க வேண்டியிருந்தது. எல்லோரியில் அவர்கள் ஒருவரையொருவர் தினமும் பார்த்துக்கொண்டார்கள். இது என் ஊகம்தான். ஆனால் ஜான்ஸ் தீவின் பின்னறையும் இந்த ஊகத்தின் பக்கமே நிற்கிறது.

வருமானம் யார் கையில் என்ற கேள்விக்கு மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டி தெளிவான விடை தருகிறது. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு மத்திய அரசு அங்கே மைல்ஸ்டன் என்ற இடத்தில் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கறுப்பினக் குத்தகை விவசாயிகளுக்கு விற்றது. 1963 ஏப்ரலில் லெக்சிங்டன் நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதியச் சென்ற முதல் 14 பேரும் பெரும்பாலும் இந்த நில உடைமையாளர்களே. முதலில் முன்னே வந்தவர் ஹார்ட்மன் டர்ன்போ. சில வாரங்களில் அவர் வீட்டின்மீது தீக்குண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். அகிம்சை இயக்கத்தின் வரலாற்றில் இப்படிப்பட்டவர்களுக்கு வசதியான இடம் கிடைப்பதில்லை. கிராமப்புறத்தில் பலர் இப்படித்தான் இருந்தார்கள். நிலம் பெற்ற அந்தக் குடும்பங்களிலிருந்தே பின்னர் அப்பகுதியின் அரசியல் தலைமை உருவானதை லெஸ்டர் சலமன் தம் ஆய்வில் காட்டியிருக்கிறார்.

போதகர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மிசிசிப்பி ஆற்றுப்படுகைக் கிராமங்களில் சபைக்கு நிலமும் நன்கொடையும் தந்தவர்களில் தோட்ட முதலாளிகளும் இருந்தார்கள். கூட்டம் நடத்திய ஆலயம் தீக்கிரையாகலாம். போதகர் அதைச் சபையாருக்கு எப்படி ஈடுசெய்வார்? நகரத்தில் பெரிய சபையின் காணிக்கையில் வாழ்ந்த போதகருக்கு இந்த நெருக்கடி குறைவு. மான்ட்கோமரியின் போதகரும் கிராமத்துப் போதகரும் ஒரே வேதாகமத்தைத்தான் வாசித்தார்கள். அவர்களைப் பராமரித்தவர்கள் வேறு.

எந்த விசுவாசம்?

அப்படியென்றால் விசுவாசத்துக்கு இதில் வேலையே இல்லையா? இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியவர் ஓர் இலங்கையர். கறுப்பின இறையியலாளர் ஹவர்ட் தர்மன் 1935இல் இந்தியா, பர்மா, இலங்கைப் பயணமாகக் கொழும்பு சென்றபோது, அங்கே சட்டம் பயின்றவர்களிடையே பேசினார். பேச்சு முடிந்ததும் ஒருவர் அவரைத் தனியே அழைத்துக் கேட்டார்: உம் முன்னோரைக் கிறித்தவர்கள் அடிமையாக விற்றார்கள், கிறித்தவர்களே இன்றும் உம் மக்களைக் கொல்கிறார்கள், நீர் அந்த மதத்தின் பிரதிநிதியாக இங்கு வந்து நிற்பது நிறமுள்ள மக்களுக்குத் துரோகம் இல்லையா? தர்மன் 1949இல் எழுதிய ‘ஜீசஸ் அண்ட் த டிஸ்இன்ஹெரிட்டட்’ நூல் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஒடுக்கப்பட்ட யூதராக வாழ்ந்த இயேசுவின் மதம் வேறு, பேரரசுகளின் கிறித்தவம் வேறு என்பது அவர் பதிலின் மையம்.

அதே நூலில் அவர் தம் பாட்டியைப் பற்றிச் சொல்வது இன்னும் முக்கியமானது. அடிமையாகப் பிறந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் வேதாகமம் வாசித்துக் காட்டுவான். ஆனால் பவுலின் நிருபங்களை, எப்போதாவது அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் தவிர, வாசிக்க விடமாட்டார். அடிமைகளே எசமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற வசனத்தையே எசமானரின் போதகர் வருடத்தில் பலமுறை பிரசங்கித்தாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று அப்போதே சபதம் செய்திருந்தாராம். எழுத்தறியாத ஒரு பெண் வேதத்தைத் தணிக்கை செய்கிறார்! ஜான்ஸ் தீவின் முதியவர்கள் வேதாகமம் வாசிக்கக் கேட்டதை வெறும் பக்தி என்று கடந்துபோகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தானே வாசிப்பவருக்குப் பிறர் தேர்ந்தெடுத்த வசனம் கட்டளையாகாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சார்ல்ஸ் மார்ஷ் 1997இல் எழுதிய ஆய்வில் மிசிசிப்பியின் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமருக்குப் பக்கத்திலேயே, அம்மாநிலத்தின் வெள்ளையின வெறி அமைப்பான வெள்ளை நைட்ஸ் கிளான் கூட்டத்தின் தலைவர் சாம் பவர்ஸை வைக்கிறார். பவர்ஸும் தம் செயல்களுக்கு வேதாகமத்தையே ஆதாரமாகக் கொண்டவர். விசுவாசத்தின் அளவு இங்கு எதையும் விளக்காது.

ஹேமர்: கணக்குக்குள் அடங்காதவர்

இதுவரை சொன்ன விளக்கங்கள் எல்லாம் ஹேமரிடம் வந்து முட்டிக்கொள்கின்றன. அவர் நிலமற்றவர், ரூல்வில் அருகே ஒரு தோட்டத்தில் 18 ஆண்டுகள் வேலை செய்தவர், குடியிருந்ததும் அந்த முதலாளியின் இடம். 1962 ஆகஸ்டில் ஊர் ஆலயத்தில் நடந்த கூட்டத்தில்தான் கறுப்பருக்கும் வாக்குரிமை உண்டு என்று முதன்முறையாகக் கேள்விப்பட்டார். அம்மாதம் 31ஆம் நாள் 18 பேரில் ஒருவராக இண்டியனோலா சென்றார். மாநில அரசியலமைப்பின் ஒரு சிக்கலான பிரிவுக்கு விளக்கம் கேட்டார்கள், தேறவில்லை. திரும்பும் வழியில் போலீசார் பேருந்தை மறித்தார்கள். பேருந்தின் நிறம் சரியில்லை என்பது குற்றச்சாட்டு. உள்ளே அச்சம் பரவியபோது ஹேமர் ஆலயப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். அன்று மாலையே முதலாளி, பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு அல்லது வெளியேறு என்றார். ஹேமர் வெளியேறினார்.

இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. அவர் முதலில் துணிந்தார். இழந்தார். அதன் பிறகே அரசியலமைப்பைப் படித்து 1963 ஜனவரியில் தேறினார். அதற்கும் பின்னர்தான் கிளார்க்கின் திட்டத்தில் பயிற்சி. 1963 ஜூன் 9ஆம் நாள், சார்ல்ஸ்டனில் அந்தப் பயிற்சியை முடித்துத் திரும்பும் வழியில் வினோனா பேருந்து நிலையத்தில் அவரும் தோழர்களும் கைதானார்கள். குடியுரிமைப் பள்ளிகளின் ஆசிரியை அனெல் பாண்டர், அதிகாரிகளை ‘சார்’ என்று அழைக்க மறுத்ததற்காக அடிபட்டார். ஹேமரைச் சக கைதிகளைக் கொண்டே அடிக்க வைத்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. சிறைக்காவலரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தபோது, ஹேமர் அவரிடம் சில வசனங்களை வாசித்துப் பார்க்கச் சொன்னார். அவற்றில் ஒன்று அப்போஸ்தலர் 17:26. எல்லா இனத்தாரையும் கடவுள் ஒரே இரத்தத்தால் உண்டாக்கினார் என்பது. அந்தப் பெண் எண்களைக் குறித்துக்கொண்டார்.

பொருளாதாரச் சார்பு துணிவைத் தடுக்கும் என்ற விதி பெரும்பான்மையோருக்குப் பொருந்துகிறது. ஹேமருக்கும் எல்லோரி ஆசிரியர்களுக்கும், ஏன், கிளார்க்குக்கேகூட அது பொருந்தவில்லை. இந்த மீதத்தைத்தான் நான் விசுவாசத்தின் பங்கு என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மீதத்தை வைத்து இயக்கம் கட்ட முடியாது. ஒரு கவுண்டியில் ஒரு ஹேமர் இருப்பார். மற்றவர்களுக்குப் பின்னறையும் பென்சிலும் கூட இருப்பவர்களும் வேண்டும். அதைச் செய்துகாட்டியதில்தான் கிளார்க்கின் தனித்தன்மை.

எண்ணிக்கை, அங்கீகாரம், ஓய்வூதியம்

1959 ஜூலை 31ஆம் நாள் போலீசார் ஹைலாண்டரைச் சோதனையிட்டுக் கிளார்க்கைக் கைது செய்தனர். மது வைத்திருந்தார் என்று வழக்கு. அவர் மது அருந்தாதவர். பள்ளியின் உரிமத்தை டென்னசி அரசு பறித்தது. 1961இல் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாட்டுக்கு மாறியது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் கிளார்க், டாரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் சேர்ந்து ஊர் ஊராக வந்தவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி தந்தனர். 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடந்ததாகக் கிளார்க்கின் தன்வரலாறு சொல்கிறது. அதே ஆண்டுகளில் சேர்ந்த இலட்சக்கணக்கான வாக்காளர்களை எல்லாம் இந்தப் பள்ளிகளின் கணக்கில் எழுதும் வழக்கம் சரியல்ல; அதே ஊர்களில் மாணவர் அமைப்புகளும் என்ஏஏசிபியும் உழைத்தன. 1965 ஆகஸ்ட் 6ஆம் நாள் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வையே நிறுத்திவைத்தது.

போதகர்கள் நடத்திய இந்த மாநாட்டு அமைப்பில் இருப்பது கிளார்க்குக்கு எளிதாக இருக்கவில்லை. நிர்வாகக் குழுவில் இந்தப் பெண்மணி எதற்கு என்று கிங்கின் சக தலைவரான ரால்ஃப் அபர்நாதி கேட்டுக்கொண்டே இருந்ததாக எழுதுகிறார். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காமல் உள்ளூரில் தலைவர்களை உருவாக்குங்கள் என்று கிங்குக்குக் கடிதம் எழுதினார். கிங் அதை ஊழியர்களிடம் வாசித்துக் காட்டினார், அவர்கள் சிரித்தார்கள். அந்தக் கடிதம் சொன்னதே சரி என்பது என் தீர்ப்பு. ஊர்வலங்கள் முடிந்தபின் கவுண்டிகளில் தங்கியவர்கள் குடியுரிமைப் பள்ளிகளில் பழகியவர்களே. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பெயர்கள் வரலாற்று நூல்களின் பொருளடைவில் இல்லை. இயக்க வரலாற்றை மேடைப் பேச்சிலிருந்து தொடங்குபவர்கள் ஒருமுறையாவது டார்செஸ்டரின் வருகைப் பதிவிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

1970களின் நடுவில் கிளார்க் சார்ல்ஸ்டன் கவுண்டியின் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956இல் பறிக்கப்பட்ட ஓய்வூதியத்தைத் தென் கரோலினா ஆளுநர் 1976இல் திரும்ப அளித்தார். 1987 டிசம்பர் 15ஆம் நாள் ஜான்ஸ் தீவில் கிளார்க் இறந்தார், வயது 89.